இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்தால் அரசு ஏதாவது செய்கிறதா?

வாடகை வீட்டுச் சுவரில் கரும்பூஞ்சை படர்கிறது, அரசு ஏதாவது செய்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். “நாங்கள் சமைக்கும் முறைதான் காரணம் என்கிறார் ஏஜென்ட்” என்ற வரி அதில் இல்லாதிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் இந்த ஊருக்கு வந்து ஓரிரு ஆண்டுகள்தாம் ஆகியிருக்கும், வீட்டில் கைக்குழந்தை இருக்கும், தனியார் ஒருவரின் வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2018 குளிர்காலத்தில் கிழக்கு லண்டனில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். மகளுக்குப் பதினான்கு மாதம். அலமாரிக்குப் பின்னால், தெருப்பக்கச் சுவரில், மிளகைத் தூவியதைப் போலக் கரும்புள்ளிகள் தோன்றி, தை பிறப்பதற்குள் தொட்டில் வரை இறங்கிவிட்டன. குழந்தைக்கு இரவெல்லாம் இருமல். உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்ட் சுவரைப் பார்த்ததைவிட அடுக்களையைப் பார்த்ததே அதிகம். அடுப்பின் மேல் இருந்த இட்லிப் பானையைக் காட்டி, இவ்வளவு ஆவி பிடித்தால் சுவர் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் துண்டுத்தாள் ஒன்றைக் கொடுத்துப் போனார். வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் வீட்டில் இட்லியே அவிக்கவில்லை, துணிகளைக் காசு கொடுத்து வெளியே உலர்த்தினேன். பூஞ்சை அது பாட்டுக்கு வளர்ந்தது.

அப்போது கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் சுவரைத் தடவிப் பார்த்து, “இது உன் இட்லி ஆவி இல்லம்மா, சுவரு வெளியிலேர்ந்து தண்ணி குடிக்குது” என்றார். நான் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதினேன். வந்த அலுவலர் ஈரமானியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி நின்று, இணைப்பு விட்டுப்போன மழைநீர்க் குழாயைச் சுட்டிக் காட்டினார். கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தச் சுவருக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆவியால் பூஞ்சை வராது என்று நான் சொல்லவில்லை. அடைத்த வீட்டில் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும், அதில் பூஞ்சை பிடிக்கும், அது உண்மையே. ஆனால் வெளிச்சுவர் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்), குழாய்க் கசிவு, போதிய வெப்பமின்மை, காற்றுப்போக்கியே இல்லாத குளியலறை ஆகியவற்றைப் பாராமல் முதலில் அடுக்களைக்குப் போவது எதற்கு?

இந்தக் கேள்விக்கு அரசு செவிசாய்க்க ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. வட இங்கிலாந்தின் ராச்டேலில், குறைந்த வாடகைக்கு வீடு தரும் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வீட்டில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். அவன் தந்தை 2017 முதல் பூஞ்சையைப் பற்றி முறையிட்டு வந்திருந்தார். சங்கத்தார் அதன் மேல் வண்ணம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். அக்குடும்பத்தினர் குளிக்கும் முறையே ஈரத்துக்குக் காரணம் என்று கூட ஊகித்திருந்தார்கள். நெடுங்காலம் பூஞ்சைக்கு ஆட்பட்டதால் வந்த கடும் மூச்சுப்பாதைக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார்.

அதன் பின் 2023 செப்டம்பரில் வீட்டு ஓதமும் பூஞ்சையும் உடல்நலத்துக்கு விளைக்கும் கேடுகள் குறித்து அரசு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சமைப்பதும் குளிப்பதும் துணி உலர்த்துவதும் தவிர்க்க முடியாத அன்றாடச் செயல்கள், அவற்றுக்காகக் குடியிருப்போர் மீது பழி போடக்கூடாது, மருத்துவச் சான்று வரட்டும் என்று பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடவும் கூடாது என்று அது சொல்கிறது. சட்டங்கள் எத்தனை வந்தாலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்; அது ஐந்தாண்டு முன்னதாக வந்திருந்தால் அந்தத் துண்டுத்தாளை ஏஜென்டிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

2025 அக்டோபர் 27 முதல் அவாப் பெயரால் வழங்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்தானால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாட்களில் ஆய்வு, அது முடிந்து 5 வேலை நாட்களில் வீட்டைப் பாதுகாப்பாக்கும் பணி. ஆனால் இந்தக் காலக்கெடு கவுன்சில் வீடுகளுக்கும் வீட்டுவசதிச் சங்க வீடுகளுக்கும்தான் முதலில் வந்தது. தனியார் வீடுகளுக்கும் நீட்டிக்கச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2004 வீட்டுவசதிச் சட்டத்தின்படி வீட்டு ஆபத்துகளை மதிப்பிடும் முறை தனியார் வீடுகளுக்கும் பொருந்தும். முதல் வகை ஆபத்து, அதாவது மிகக் கடுமையான வகை, என்று கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். வாழத் தகுதியற்ற வீட்டுக்காக உரிமையாளர் மீது நீங்களே வழக்குத் தொடுக்கவும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது.

நான் வழக்கறிஞரும் அல்ல, மருத்துவரும் அல்ல. எல்லா உரிமையாளர்களும் எங்களுடையவரைப் போன்றவர்கள் என்றும் சொல்லவில்லை; அவர் கூடக் கவுன்சில் கடிதம் கண்ட பிறகு பத்தே நாளில் குழாயை மாற்றினார். ஆனால் நாங்கள் காலி செய்தபோது, சுவரைக் கறையாக்கியதாக முன்பணத்தில் பிடிக்கப் பார்த்தார். தேதியிட்ட படங்களும் அந்த அலுவலரின் கடிதமும் கையில் இருந்ததால்தான் பணம் முழுவதும் திரும்பி வந்தது. அதனால் இன்றே படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். அடுத்த மழையில் ஒருமுறை தெருவில் இறங்கி, உங்கள் சுவரின் வெளிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.