ரிமிஷன் என்கிறார்கள், எம்ஆர்டி 0.03 சதவீதம்: எதை நம்புவது?

வணக்கம் சகோதரி. உங்கள் ஆறு வயது மகனுக்கு பி-செல் ஏஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட கீமோ முடிந்து ரிமிஷன் என்று சொன்னார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் எம்ஆர்டி, அதாவது சிகிச்சைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களின் அளவு, 0.03 சதவீதம் இருக்கிறது, எது உண்மை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே உண்மைதான்.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரிமிஷன் என்பார்கள். அப்போதும் உடம்பில் கோடிக்கணக்கான புற்றுச் செல்கள் மிச்சம் இருக்கலாம். எம்ஆர்டியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை பத்தாயிரத்தில் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துவிடும், 0.01 சதவீதம் என்ற எல்லை அதுதான். உங்கள் பையனுக்குப் பத்தாயிரத்தில் மூன்று.

நோய் திரும்புமா என்று கணிக்க இந்த எண் மிக முக்கியம். ஆனால் இதை வைத்து மட்டும் யாரும் முடிவு சொல்லிவிட முடியாது, தயவுசெய்து இப்போதே மனம் உடைந்துவிடாதீர்கள். நோய் கண்டபோது வெள்ளணு 50,000க்குள் இருந்ததா, மரபணுச் சோதனையில் என்ன வந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஈடிவி6-ரன்எக்ஸ்1 என்ற மரபணு மாற்றம் இருந்தால் நல்ல செய்தி. பிலடெல்பியா குரோமோசோம் என்ற இன்னொரு மாற்றம் இருந்தால் அதைக் குறிவைக்கும் இமாட்டினிப் மாதிரி மாத்திரை சேர்ப்பார்கள்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சோதனைக்கு அனுப்பியது ஊசியில் முதலில் இழுத்த மஜ்ஜைதானா? அடுத்தடுத்து இழுப்பதில் ரத்தம் கலந்து எண் குறைவாகக் காட்டும். அப்புறம், சிகிச்சையை ஒரு படி தீவிரமாக்கப் போகிறார்களா, அடுத்த எம்ஆர்டி எப்போது? அடுத்த கட்டம் முடியும்போது அது நெகட்டிவ் (0.01 சதவீதத்துக்குக் கீழே) ஆகும் குழந்தைகள் நிறையப் பேர் உண்டு. அந்த ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.