செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸின் அடுத்த போனில் பயனர்கள் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்கள்?

செயில்ஃபிஷ் என்பது ஆண்ட்ராய்டு மாதிரி போனை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது ஓஎஸ். கேள்விக்குக் கீழே கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: யோல்லா நிறுவனத்தின் புதிய போனை இந்தியாவில் ஒரே போனாக வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? முதல் கேள்விக்கான பதில் இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 2011-ல் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தபோது, அதன் என்9 போனில் இருந்த மீகோ என்ற ஓஎஸ் கைவிடப்பட்டது. முகப்பில் பட்டனே இல்லாமல் விரலால் தள்ளித் தள்ளியே எல்லாம் செய்யும் போன் அது. அதில் வேலை பார்த்த சிலர் வெளியே வந்து ஃபின்லாந்திலேயே யோல்லாவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஓஎஸ்தான் செயில்ஃபிஷ். முதல் போன் 2013 நவம்பரில் ஹெல்சின்கியில் விற்பனைக்கு வந்தது. 2014 செப்டம்பரில் ஸ்நாப்டீல் வழியாக 16,499 ரூபாய்க்கு இந்தியாவுக்கும் வந்தது. நான் வாங்கியது அப்போதுதான். 2016-ல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் என்று 5,499 ரூபாய்க்கு இன்னொரு போனும் இதே ஓஎஸ்ஸோடு வந்தது. அதோடு சரி, இந்தியச் சந்தையை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நடுவில் சோனி எக்ஸ்பீரியா போன்களில் நாமே ஏற்றிக்கொள்ளும்படி ஓஎஸ்ஸை மட்டும் காசுக்கு விற்றார்கள். 2024-ல் துருக்கியின் ரீடர் நிறுவனம் தயாரித்த சி2 என்ற போன் வந்தது. 2025 டிசம்பரில் மறுபடியும் சொந்தப் பெயரில் ஒரு போனுக்கு முன்பதிவு தொடங்கினார்கள். 99 யூரோ முன்பணம், 2,000 பேர் சேர்ந்தால்தான் தயாரிப்பு என்பது நிபந்தனை. அந்த எண்ணிக்கை மளமளவென்று நிரம்பிவிட்டது.

சரி, பயனர்கள் என்ன கேட்கிறார்கள்? இந்த ஓஎஸ்ஸைப் பின்தொடர்கிற எவரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, மெமரி கார்டு, ஹெட்போன் ஓட்டை, கைக்கு அடக்கமான அளவு, மெசேஜ் வந்தால் மினுக்கும் சின்ன விளக்கு, மைக்கை அணைக்க ஒரு சுவிட்ச். கூடவே பழைய போனில் இருந்த மாற்றக்கூடிய பின்மூடி. அந்த மூடியைச் சும்மா அழகுக்கு வைக்கவில்லை. உள்ளே மின்தொடர்புப் புள்ளிகள் இருந்ததால், வெளியாள் ஒருவர் அதற்கென்று நழுவும் கீபோர்டே தயாரித்தார். இப்போது நினைத்தாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

புதிய போன் இந்தப் பட்டியலில் பாதியைக் கொடுக்கிறது. பேட்டரி மாற்றலாம், மெமரி கார்டு உண்டு, பின்மூடி மாற்றலாம். மைக், ப்ளூடூத், ஆண்ட்ராய்டு ஆப்கள் என்று எதை அணைக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கும் சுவிட்சும் பக்கவாட்டில் இருக்கிறது. சின்ன அளவு நடக்கவில்லை. திரை 6.36 இன்ச். இதில் எனக்கு வருத்தமே இல்லை. இரண்டாயிரம், ஐயாயிரம் போன் தயாரிக்கிற நிறுவனம் தனக்கென்று ஒரு திரையை வார்த்துத் தரச் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைத்தான் வாங்க முடியும். ஆப்பிளாலேயே சின்ன ஐபோனான மினி வரிசையை 13-க்கு மேல் தொடர முடியவில்லை. திரையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் கண்ணாடியின் ஓரம் தட்டையாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். செயில்ஃபிஷ்ஷில் முக்கியமான அசைவுகள் எல்லாமே ஓரத்திலிருந்து உள்ளே தள்ளுவதுதான். வளைந்த கண்ணாடி என்றால் பாதி நேரம் விரல் வழுக்கும். பெரிய திரையும் அவ்வளவு தொந்தரவில்லை, ஏனென்றால் மெனுவைத் திரையின் நடுவில் விரல் வைத்தே கீழே இழுக்கலாம், உச்சிக்கு எட்ட வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பட்டியலை நான் முழுசாக நம்புவதில்லை. இதைச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் பலர் சட்டைப் பையில் ஒரு செயில்ஃபிஷ், பேன்ட் பையில் ஒரு ஆண்ட்ராய்டு என்று பழகிவிட்டவர்கள். அவர்களுக்குக் குறையாகத் தெரிவது ஹெட்போன் ஓட்டை. விட்டுப் போனவர்களிடம் யாரும் கருத்து கேட்பதில்லை, கேட்டாலும் அவர்கள் பதில் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஓஎஸ்ஸை விட்டவர்களில் ஒருவர்கூட ஹெட்போன் ஓட்டைக்காக விடவில்லை. போன் பேச முடியவில்லை, பணம் அனுப்ப முடியவில்லை என்றுதான் விட்டார்கள்.

முதலில் போன் பேசுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மாற்று ஓஎஸ் எதை எடுத்தாலும் பெரிய முட்டுச்சுவர் இதுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 4ஜி வழியாகவே குரலையும் அனுப்பும் வோல்ட்டி இருந்தால்தான் அழைப்பு. பழைய யோல்லாவில் 4ஜி உண்டு, வோல்ட்டி கிடையாது. அதனால் ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. ஏர்டெல் போட்டால் அழைப்பு வரும், ஆனால் அந்த நேரத்துக்குப் போன் 2ஜிக்கு இறங்கிவிடும், பேசி முடிக்கிறவரை இணையம் நின்றுவிடும். இது இந்தியாவின் பிரச்சினை மட்டுமில்லை. ஃபின்லாந்திலேயே 2023-ல் 3ஜியை மூடினார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022-லேயே மூடிவிட்டது.

வோல்ட்டியை ஏன் எளிதாகச் சேர்க்க முடியவில்லை என்றால், அதில் பாதி வேலை மோடத்துக்குள், அதாவது போனை செல் கோபுரத்தோடு இணைக்கும் பாகத்துக்குள் நடக்கிறது. மோடத்தின் மென்பொருள் சிப் தயாரிக்கும் குவால்காமுடையது, இல்லையென்றால் மீடியாடெக்குடையது. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு வேண்டும். சாம்சங் போன்ற நிறுவனம் என்றால் ஆபரேட்டரே வந்து சோதித்துக் கொடுப்பார். செயில்ஃபிஷ்ஷில் அழைப்பைக் கவனிப்பது ஓஃபோனோ என்ற திறந்தமூல மென்பொருள். அதை இந்த மூடிய மோடத்தோடு பேச வைக்கும் வேலையைச் சிப்புக்குச் சிப்பு புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எக்ஸ்பீரியா 10 வரிசையின் பிற்காலப் போன்களில்தான் யோல்லா இதைக் கொண்டுவந்தது, அதுவும் சில ஆபரேட்டர்களுக்கு ஓடும், சிலருக்கு ஓடாது என்ற நிலையில். அதனால் அடுத்த போனுக்கு என் முதல் கோரிக்கை கேமராவோ ரேமோ இல்லை. எந்த நாட்டில் எந்த ஆபரேட்டரில் வோல்ட்டி சோதித்துப் பார்த்தோம் என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டுவிட்டு, அதற்கப்புறம் காசு வாங்கட்டும்.

அடுத்தது பணம். செயில்ஃபிஷ்ஷில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும். ஆண்ட்ராய்டைக் கன்டெய்னர் என்ற தனி அறை மாதிரியான மென்பொருள் ஏற்பாட்டுக்குள் அடைத்து ஓட்டுகிறார்கள், கூகுள் சேவைகள் எதுவும் கூட வராது. வரைபடம், பேருந்து டிக்கெட், வாட்ஸ்அப் மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் ஓடிவிடும். வங்கி ஆப்தான் முரண்டு பிடிக்கும். என் வங்கியின் ஆப்பை நிறுவினேன், திறந்தேன், 'இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் "சார், ஆண்ட்ராய்டா ஐபோனா?" என்பதைத் தாண்டி உரையாடல் நகரவில்லை. கூகுள் சான்றளித்த சாதனமா என்று பல ஆப்கள் கூகுளிடமே கேட்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் கதை முடிந்தது. யூபிஐ என்றால் இன்னொரு படியும் உண்டு. பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்தே வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதற்குக் கன்டெய்னருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு வெளியே இருக்கும் சிம்மைத் தொட வழி வேண்டும்.

பட்டன் போன்காரர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022-ல் தொடங்கிய, குரல் அழைப்பிலேயே யூபிஐ செய்யும் 123பே இருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறதுதான். ஐநூறு யூரோ போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று குரல் சொல்லச் சொல்ல டீக்கடைக்குக் காசு அனுப்ப எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும் என்பதுதான் கேள்வி.

இதை யோல்லா மட்டும் தீர்க்க முடியாது என்பது உண்மை. வங்கிகளும் அரசுகளும் இறங்கி வர வேண்டும். ஐரோப்பாவிலும் இதே புலம்பல்தான், ஃபின்லாந்தில் அரசு இணையதளங்களுக்குள் நுழையவே பெரும்பாலானோர் வங்கி அடையாளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் யோல்லா செய்யக்கூடிய ஒன்று உண்டு. எந்த வங்கி ஆப் ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதைப் பயனர்கள் ஆளுக்கொரு மூலையில் குறித்து வைத்திருக்கிறார்கள். அதை நிறுவனமே பொறுப்பேற்றுத் தொகுத்து, அந்தந்த வங்கிகளுக்கு எழுதலாம். தனி ஆள் எழுதினால் குப்பைக்குப் போகும் கடிதம், நிறுவனத்தின் பெயரில் போனால் ஒரு மேசை வரையாவது போய்ச் சேரும்.

மூன்றாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாதது, ஆயுள். ஆண்ட்ராய்டுக்கென்று எழுதப்பட்ட டிரைவர்களை, அதாவது கேமரா, திரை போன்ற பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களை, சாதாரண லினக்ஸில் ஓடவைக்க லிப்ஹைப்ரிஸ் என்ற இடைமென்பொருளைச் செயில்ஃபிஷ் பயன்படுத்துகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஆனால் சிப் நிறுவனம் கொடுத்த கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) எந்தப் பதிப்போ அதிலேயே போன் உறைந்துவிடும். முதல் யோல்லாவுக்கு 2020 வரை ஓஎஸ் அப்டேட் கொடுத்தார்கள், அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன்களில் அரிதான காரியம். ஆனால் அதற்குள் ஓடிய ஆண்ட்ராய்டு கடைசிவரை 4.1 தான். போன் நன்றாக இருக்கும்போதே ஆப்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. புதிய போனுக்குக் குறைந்தது ஐந்து வருட ஆதரவு என்கிறார்கள். நல்லது, ஆனால் அந்த ஐந்து வருடம் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். நீண்டகாலம் உழைப்பதையே குறியாக வைத்துச் செய்யப்படும் ஃபேர்போன் 5-ஐப் பாருங்கள். தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று நீண்டகால ஆதரவோடு வரும் குவால்காம் சிப்பைப் போட்டதால்தான் அவர்களால் 2031 வரை என்று வாக்குக் கொடுக்க முடிந்தது.

மூலநிரலைத் திறக்க வேண்டும் என்பது இன்னொரு பழைய கோரிக்கை. செயில்ஃபிஷ்ஷின் அடித்தளம் திறந்ததுதான், ஆனால் மேலே நாம் தொடும் இடைமுகம் மூடியது. கொள்கைக்காகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது பயத்தில். 2014-ல் யோல்லா மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய டேப்லெட் திட்டம் 2015 கடைசியில் பண நெருக்கடியில் சிக்கி, பணம் கட்டியவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் டேப்லெட் கிடைத்தது. அப்புறம் ரஷ்ய முதலீடு வந்தது, உக்ரைன் போருக்குப் பிறகு அதுவே சுமையானது. 2023-ல் நிர்வாகத்தில் இருந்தவர்களே தொழிலை வாங்கிப் புதிய நிறுவனமாக நடத்துகிறார்கள். இத்தனை கண்டம் தாண்டியவர்களை மதிக்கிறேன், ஆனால் அடுத்த கண்டத்தில் என் போன் என்னவாகும்? 2017-ல் கனானிகல் நிறுவனம் உபுண்டு டச் என்ற தன் போன் ஓஎஸ்ஸைக் கைவிட்டபோது யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதை எடுத்து நடத்த முடிந்ததற்குக் காரணம் நிரல் திறந்திருந்ததுதான். ஆப் எழுதுகிறவர்களுக்கும் ஒரு புகார் உண்டு. ஆப்களைக் கட்ட உதவும் க்யூடி என்ற கருவித்தொகுப்பின், 2016-ல் வந்த 5.6 பதிப்பை வைத்துக்கொண்டுதான், செயில்ஃபிஷ் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகும், மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இனி இந்தியா. முன்பதிவு திறந்தபோது ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களுக்கு மட்டுமே அனுப்புவதாகச் சொன்னார்கள். அதனால் ஒரே போனாக வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். வாரன்டியும் இங்கே கிடைக்காது, வங்கி ஆப்பும் நிச்சயமில்லை. இரண்டாவது போனாக, உறவினர் யாராவது ஜெர்மனியிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும்போது கொண்டுவரச் சொல்லும் எண்ணம் இருந்தால், முதலில் அந்தப் போன் எந்தெந்த அலைவரிசைகளை (பேண்ட்) பிடிக்கும் என்ற பட்டியலைப் பாருங்கள். ஜியோவுக்கு 4ஜியில் பேண்ட் 3, 5, 40 வேண்டும். 5ஜி என்றால் என்28, என்78. ஏர்டெல்லுக்கு 4ஜியில் 1, 3, 8, 40. அவை இருந்தாலும் அவசரப்படாதீர்கள். உங்கள் ஆபரேட்டரின் சிம்மைப் போட்டு, டேட்டா ஓடுகிறது என்று இல்லாமல், அழைப்பு போய் அழைப்பு வந்தது என்று இந்தியாவிலிருந்து யாராவது எழுதும்வரை காத்திருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், யூபிஐக்கு அது வேண்டியிருக்கும்.