டயாலிசிஸில் 12 வருட அனுபவம், கையில் டிப்ளமோ: மேலே படிக்க முடியுமா?

கேள்வி: டிப்ளமோ முடித்து 12 வருடமாக டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சிறுநீரகச் சிறப்புச் செவிலியர் ஆக ஆசை. பட்டம் இல்லை, பிள்ளைகள் சின்னவர்கள், வேலையையும் விட முடியாது. இனிமேல் படிக்க முடியுமா?

பதில்: முடியும். பட்டம் இல்லாததைவிட உங்கள் ட்யூட்டி சார்ட்தான் எனக்குக் கவலை. நான் பார்த்தவரை, இப்படிச் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் பாடம் புரியாமல் நிற்கவில்லை. செய்முறைப் பயிற்சி மணிநேரம் சேராமல் நின்றார்கள். ஆன்லைன் வகுப்பை நைட் ட்யூட்டி முடிந்து வந்துகூடக் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி அப்படியல்ல. வார்டில் ஆள் குறைந்தால் முதலில் கை வைப்பது உங்கள் பயிற்சி நாளில்தான்.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் உட்கார்ந்து பேசுங்கள். படிப்பு விடுப்பு எத்தனை நாள், சொந்தப் பிரிவிலேயே பயிற்சி எடுக்க விடுவார்களா, வழிகாட்டி யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொந்தப் பிரிவு மணிநேரம் கணக்கில் சேருமா என்று கல்லூரியிலும் கேளுங்கள். வழிகாட்டி விஷயத்தை லேசாக விடாதீர்கள். சிறப்புச் செவிலியர் பற்றாக்குறை உள்ள இடத்தில், கற்றுத்தர வேண்டியவரே நோயாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவர் உருவாவதும் தள்ளிப்போகும். கட்டணத்தை நிர்வாகம் ஏற்றால் பாண்டு, அதாவது படித்த பின் இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம், கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் படிப்பு ஒரு வருடம் இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும்.

மேலதிகாரி தயங்குகிறாரா? லான்செட் இதழில் 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தார்கள். பட்டம் பெற்ற செவிலியர் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறைவு. அப்புறம், உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் 58 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை. வெளியில் தேடுவதைவிட உள்ளே இருப்பவரை வளர்ப்பது எளிது என்று அவருக்கே தெரியும், யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எந்தப் படிப்பு? நேராக முதுகலைக்குத் தாவுவது பெரும்பாலும் முடியாது. டிப்ளமோவைப் பட்டமாக உயர்த்தும் இணைப்புப் படிப்பு முதல் படி. சிறப்புச் செவிலியருக்கு முதுகலையைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 2020-இல் பரிந்துரைத்தது. உங்கள் நாட்டுச் செவிலியர் கவுன்சில் எதை ஏற்கிறது என்று முதலில் பாருங்கள். டயாலிசிஸ் சான்றிதழ் படிப்பே போதும் என்றால் அலைச்சல் பாதி குறையும்.

அனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சில பாடங்களுக்கு விலக்கு தரும் கல்லூரிகளும் உண்டு. அங்கே '12 வருடம் பணி' என்று ஒரு வரி எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: 'இரண்டாவது மணிநேரத்தில் நோயாளி திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டார். அலாரம் அடிக்கவில்லை. வரும்போதே உலர் எடையைவிட (கூடுதல் நீர் நீங்கிய எடை) 4 கிலோ கூடியிருந்ததால் சந்தேகப்பட்டு பிபி பார்த்தேன்: 90/50. நீர் எடுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி, நெறிமுறைப்படி சலைன் கொடுத்து டாக்டரை அழைத்தேன்.' எதைக் கண்டீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். வாரம் ஒன்று எழுதினால் ஆறு மாதத்தில் ஒரு கோப்பு சேர்ந்துவிடும். நோயாளி பெயரும் படுக்கை எண்ணும் மட்டும் வேண்டாம்.