சேவைச் சங்கத்தில் சேர்ந்தால் இயற்கைப் பாதுகாப்புக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

தம் ஊரில் உள்ள சேவைச் சங்கம் ஒன்று தம்மை உறுப்பினராகச் சேர அழைப்பதாகவும், ஆனால் அவர்களுடைய சுற்றுச்சூழல் பணி மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுவதுபோல் தோன்றுவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். உருப்படியாகச் செய்ய முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்தச் சங்கத்தின் பணியாண்டு நம் ஊர் மழைக்காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். இப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவன் என்பதால், உள்ளிருந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

ரோட்டரியாக இருந்தாலும் லயன்ஸாக இருந்தாலும் சங்க ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியேற்றதும் முதல் வேலையாக மரக்கன்று நடுவது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நீலகிரியிலும் குமரியிலும் அப்போது தென்மேற்குப் பருவமழை இருக்கும் என்பதால் அங்கே அது பொருந்தலாம். சென்னை முதல் நாகை, இராமநாதபுரம் வரையிலான கடலோர மாவட்டங்களுக்கோ பெருமழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே ஜூலையில் நட்ட கன்றுக்கு மூன்று மாதம் யாராவது தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும். அது பிழைத்தாலும் வேர் ஆழமாக இறங்கும்வரை இரண்டு மூன்று கோடைகளைத் தாண்ட வேண்டும். தலைவரின் பதவிக்காலமோ ஓர் ஆண்டு. அடுத்து வருபவருக்குத் தம் பெயர் சொல்லும் திட்டம் ஒன்று வேண்டியிருப்பதால், முந்தையவர் நட்ட கன்றுக்குத் தண்ணீர் லாரி அனுப்பும் செலவை அவர் கணக்கில் எழுத விரும்புவதில்லை. எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் நன்கொடையாளர் பெயர் தாங்கிய இரும்புக் கூண்டுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குள் கன்று இல்லை, ஆவாரையும் எருக்கும் தானாக முளைத்து நன்றாக இருக்கின்றன.

இதைச் சொல்வதால் சேவைச் சங்கங்களுக்கு நீண்ட காலப் பணியே வராது என்று எண்ணிவிடக் கூடாது. ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைத் தன் பணியாக அறிவித்தது. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. அத்தனை ஆண்டுகளிலும் ஒவ்வொரு சங்கத்திலும் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆயினும் இலக்கு தலைவருக்குச் சொந்தமாக இல்லாமல் அமைப்புக்குச் சொந்தமாக இருந்ததால், சொட்டு மருந்து முகாமுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. சுற்றுச்சூழலையும் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாகச் சேர்ப்பதாக ரோட்டரி 2020இல் அறிவித்தது. அது உங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டப் பதிவேடுவரை வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

தொடர்ச்சி இருந்தால் சிறு குழுவால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையைச் சொல்வேன். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்னும் கடல் ஆமைகள்) முட்டையிடும் பருவத்தில் இரவில் கரையோரமாக நடந்து கூடுகளைக் காப்பாற்றும் வழக்கம் 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த ஆர்வலர்களால் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு அதை நடத்திவருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் ஈர மணலில் நடக்கிறார்கள். ஆமை ஏறிய தடமும் இறங்கிய தடமும் தெரிந்தால் அவை சேரும் இடத்தில் மணலைக் குச்சியால் மெல்லக் குத்திப் பார்க்கிறார்கள். குச்சி எளிதாக இறங்கினால் அங்கே கையால் தோண்டுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் பிங்பாங் பந்து போன்ற முட்டைகள் நூறுக்கு மேல்கூட இருக்கும். அவற்றை எண்ணிப் பையில் எடுத்துச் சென்று, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து மூடி, தேதியும் எண்ணிக்கையும் குறித்து வைக்கிறார்கள். இவ்வளவும் எதற்கு என்றால், குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று கொள்பவை. தெருவிளக்கும் கட்டட விளக்கும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன.

அந்த எண்ணிக்கைக் குறிப்புக்கு எவரும் பொன்னாடை போர்த்துவதில்லை. ஆனால் 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இது வழக்கமான இறப்பு இல்லை என்று உடனே சொல்ல முடிந்ததற்கு, ஆண்டுதோறும் நடந்து எண்ணியவர்களின் கணக்கு கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம். ஆமைகள் இழுவலைகளில் சிக்கி இறப்பதுண்டு என்பதால், கரையிலிருந்து ஐந்து கடல் மைல்களுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்ற கேள்வியும் அப்போது பொதுவெளியில் எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

சேவைச் சங்கங்களுக்கு என்று தனியாக ஒரு பலம் உண்டு. ஓர் ஏரியைத் தூர்வார வேண்டுமானால், அது நீர்வளத்துறைக்குச் சொந்தமா ஊராட்சிக்குச் சொந்தமா என்று கண்டறிந்து அனுமதி பெறவே செருப்புத் தேய்ந்துவிடும். வழக்கறிஞர், ஆடிட்டர், பொறியாளர், பொக்லைன் வைத்திருப்பவர் எல்லாரும் உறுப்பினராக உள்ள சங்கத்துக்கு அது வாராந்தரக் கூட்டம் இரண்டிலேயே நகர்ந்துவிடும். களத்தில் நிற்கும் இளைஞர் குழுக்களிடம் ஆள் உண்டு, அறிவும் உண்டு, டீசலுக்குக் காசு இராது. ஆகவே சங்கம் தானே மண்வெட்டி பிடிப்பதைவிட, அப்படிப்பட்ட குழு ஒன்றுக்கு ஐந்தாண்டு துணை நிற்பதாகத் தீர்மானம் போடுவதே மேல் என்பது என் கருத்து. எங்கள் சங்கத்தில் இதை ஒருமுறை பேசினேன். திறப்பு விழா இல்லாத திட்டமா என்று ஒருவர் கேட்டார், விளையாட்டாகத்தான்.

ஓராண்டுத் தலைவராலேயே முடிக்கக்கூடிய பணி ஒன்று வேண்டும் என்றால் பனை விதையைச் சொல்லுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விதையைப் பொறுக்கிக் கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மழைக்கு முன் புதைத்துவிட்டால் பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும். பச்சை இலை தெரியவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் புகைப்படத்துக்கு மட்டும் உதவாது. பொங்கலுக்குக் கிழங்கு தோண்ட யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சேருவதற்கு முன், மூன்றாண்டுக்கு முன்பு நட்ட கன்றுகளைக் காட்டும்படி அவர்களிடம் கேளுங்கள். காரில் ஏற்றி அழைத்துப் போய்க் காட்டினால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள். ஆல்பத்தை எடுத்துக் காட்டினாலும் சேரலாம். ஆனால் பொருளாளர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நடும் செலவுக்குப் பக்கத்திலேயே இரண்டு கோடைகளுக்கான தண்ணீர்ச் செலவையும் ஒதுக்கிய பிறகே எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துப் போடுங்கள்.