கட்டிலுக்கு அடியில் இருந்த கஷாயம்

இந்த முறை வந்த கேள்விகளில் நாலு, ஒரே படிப்பைச் சுற்றியே இருந்ததால் சேர்த்துப் போடுகிறேன். நர்ஸ், சமூகப் பணியாளர், கவுன்சலர் என்று பிறர் கஷ்டத்தோடு வேலை பார்ப்பவர்களுக்கான ‘ஒருங்கிணைந்த முழுநல’ முதுகலைப் படிப்புதான் அது.

கேள்வி: அக்கா, வீடு புளியரை, வேலை புனலூர் பக்கம். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது, அதில் நாலு வருஷம் பாலியேட்டிவ் ஹோம் கேர் (தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய் வலி குறைத்துப் பார்த்துக்கொள்வது). வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் இந்த எம்.ஏ.வை நடத்துகிறது. “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்கிறார் வீட்டுக்காரர். சேரலாமா?

பதில்: வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி, அவரிடம் கோபப்படாதீர்கள். அதற்கு வருவதற்குள் ஒரு சம்பவம். நான் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தபோது ஆரியங்காவு தாண்டி ஒரு வீட்டுக்கு ஹோம் கேர் வண்டியில் போனோம். எழுபது வயது அம்மா, மூன்று வகை மாத்திரை, ஆனாலும் பி.பி. இறங்கவில்லை, காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். எங்களோடு வந்த சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேரன் கதையெல்லாம் கேட்டுவிட்டு, “வேற என்னம்மா குடிக்கிறீங்க?” என்றார். அந்த அம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய பிராந்தி பாட்டிலை எடுத்தார். உள்ளே அதிமதுரக் கஷாயம். இருமலுக்காக மகள் காய்ச்சித் தருவது, மூன்று மாதமாக இரண்டு வேளையும்.

அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். இரண்டு நாள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் குடித்தால் பி.பி. ஏறும். சிஸ்டர் திட்டவில்லை. “இருமலுக்கு வேற பாப்போம்மா, இதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க” என்று சொல்லி, டாக்டருக்கும் அங்கிருந்தே போன் போட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பொட்டாசியம் குறைவு. சில வாரத்தில் பி.பி. வழிக்கு வந்தது. நம் பக்கத்தில் காலையில் குற்றாலத்து வைத்தியரிடம் சூரணம், மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கம் அரிஷ்டம், சாயங்காலம் இங்கிலீஷ் மருந்து என்று ஒரே உடம்பில் மூன்றும் போகும். ஒருவரிடம் போனதை இன்னொருவரிடம் சொல்லவும் மாட்டார்கள், திட்டு விழும் என்று பயம்.

இந்தப் படிப்பு உருப்படியாக ஒன்று சொல்லித் தரும் என்றால், அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, பதில் வந்ததும் எந்த இடத்தில் நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவது, இந்த இரண்டைத்தான் சொல்வேன். நல்ல பாடத்திட்டத்தில் நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1977இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் எங்கெல் முன்வைத்த பார்வை இருக்கும், மூச்சு, தியானம், உணவு, தூக்கம் பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் படிக்கும் பயிற்சி இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மேற்பார்வையோடு ஆட்களைப் பார்க்கும் நேரம் இருக்கும். கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

சிசிலி சாண்டர்ஸ் கதை உங்கள் துறையில் தெரிந்திருக்கும். நர்ஸ், முதுகுவலியால் அந்த வேலை முடியாமல் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அப்புறம் படித்து டாக்டர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கினார். ‘முழு வலி’ என்று அவர் சொன்னதில் உடம்பு வலியோடு மனக்கவலை, வீட்டுக் கடன், சாமி மேல் கோபம் எல்லாம் அடக்கம். இதை நீங்கள் நாலு வருஷமாகப் படியேறிப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கேரளம் 2008இலேயே பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த மாநிலம். திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவும் கோழிக்கோட்டில் பாலியேட்டிவ் மெடிசின் நிறுவனமும் நர்ஸ்களுக்குப் பயிற்சி தருகின்றன. கடல் தாண்டிக் கட்டணம் கட்டுமுன் ரயிலேறிப் போகிற தூரத்தில் இருப்பதை விசாரியுங்கள்.

இப்போது வேலை. அந்த எம்.ஏ. உங்களை வேறு ஆளாக்காது. நீங்கள் நர்ஸ்தான், கையில் கூடுதலாக ஒரு திறமை, அவ்வளவே. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும், அதை இந்தப் பட்டம் தராது. இங்கே இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று நீங்கள் வேலை தேடப்போகும் இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: வண்டிப்பெரியாறு எஸ்டேட் பகுதியில் தொண்டு நிறுவன வேலை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தேன். அப்புறம் ரெய்கி, அக்குபிரஷர், யோகா, மலர் மருந்து என்று சர்ட்டிபிகேட் இருக்கிறது. அடுத்து எது?

பதில்: அடுத்து எதுவும் வேண்டாம் தம்பி. நாலு வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றையாவது ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா? யோகாவை வைத்துக்கொள்ளுங்கள், முதுகுவலிக்கு உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அந்த வலி நிறைய. மலர் மருந்தைப் பற்றி என்னிடம் கேட்காமல் இருப்பது நல்லது. சர்க்கரையைக் குணப்படுத்துவேன் என்று மட்டும் நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள், 1954ஆம் வருஷத்து மருந்து, மாய நிவாரணச் சட்டம் அதற்கு இடம் தராது.

கேள்வி: இந்தப் படிப்பு அலோபதிக்கு எதிரானதா? தொலைநிலைக் கல்வியில் கிடைக்குமா? (கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: எதிரானது இல்லை டீச்சர். இந்த மாதிரி சிகிச்சைகளை ஆராயும் அமெரிக்க அரசின் மையமே 2014இல் தன் பெயரில் இருந்த ‘மாற்று’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஒருங்கிணைந்த’ என்று வைத்துக்கொண்டது. மருந்தைத் தூக்கிப்போடச் சொல்கிற வகுப்பாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலை என்றால் கவனம்: உளவியல் உட்பட, 2021ஆம் ஆண்டு துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துக்குள் வருகிற படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இன்னும் “சீட் இருக்கு” என்று போன் செய்கிறவர்களிடம் அந்த உத்தரவைப் பற்றிக் கேளுங்கள், லைன் தானாகவே கட் ஆகும்.

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் கவுன்சலராக இருக்கிறேன். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ராத்திரி தூக்கம் வருவதில்லை. இந்தப் படிப்பில் நம்மையே பார்த்துக்கொள்ளவும் சொல்லித் தருவார்களாமே, அதற்காகவாவது சேரலாமா?

பதில்: சொல்லித் தருவார்கள். 1979இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மனநிறை கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) பல இடங்களில் பாடமாகவே இருக்கிறது, நானும் செய்து பார்த்தேன், மூன்றாவது வாரம் தூங்கி வழிந்தேன், ஆறாவது வாரம் கொஞ்சம் பிடிபட்டது. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டு வருஷப் படிப்பு இல்லை அம்மா. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள், யாரிடமாவது அதைப் பேசுகிறீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லையே. பத்துப் பேரைப் பார்த்துவிட்டு வந்து பத்து நிமிஷம் மூச்சை இழுத்து விட்டால் போதும் என்று சொல்கிற நிர்வாகத்தை நான் நிறையப் பார்த்தாயிற்று. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதம் இரண்டு முறை ஒரு சீனியரோடு உட்காருங்கள், உங்களைத் தூங்கவிடாத அந்த ஒரு பிள்ளையின் கதையை, பெயரை மறைத்துவிட்டு, முதல் தடவையே எடுத்துப் போங்கள். அதுவரை ராத்திரி ரொம்பக் கனத்தால் 14416க்குக் கூப்பிடுங்கள்; அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், தமிழிலும் பேசுவார்கள். கவுன்சலர் கூப்பிடக் கூடாது என்று ஒன்றுமில்லை.