25ஆம் நம்பர் பஸ்ஸில பதினொரு இரவு

ஸ்டூடண்ட் விசாவில வாற தம்பி கேட்டிருக்கிறீர்: "லண்டன் ரோட்டில படுக்கிறவை எல்லாம் குடிகாரரோ? இரவு வேலை முடிஞ்சு வரப் பயமில்லையோ? பாங்க், சிம், ஜாக்கெட் என்ன மாதிரி?" கடைசி மூண்டும் வந்த கிழமையே சரிவரும், விடும். முதல் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடேல்லை.

ரோட்டில நீர் காணப்போறது கொஞ்சப் பேரைத்தான். 2024இல ஒரு இரவு எண்ணினபோது இங்கிலாந்து முழுக்க வெளியில படுத்தவை 4,667 பேர். அதே வருசம் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, தற்காலிக இடங்களில வைச்சிருந்த குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல. அதுக்குள்ள வேலைக்குப் போற தாய் தேப்பன், கட்டிலில இருந்து வீட்டுப்பாடம் செய்யிற பிள்ளையள். ஆற்றையோ சோபாவில ஒட்டிக்கொண்டிருக்கிறவையை ஆர் எண்ணுறது? குடியால வீடு போனவையும் இருக்கினம். வீடு போனபிறகு குளிருக்குக் குடிக்கத் தொடங்கினவையையும் எனக்குத் தெரியும். இங்க 2021இல செத்த வீடில்லாத ஆண்களின்ர சராசரி வயசு 45. எனக்கு இப்ப 46.

நீர் பயப்பிட வேண்டியது எங்கட ஆக்களுக்கு. அறை விடுற அண்ணைமார் காசைக் கையில வாங்குவினம், துண்டு தராயினம். வீட்டுக்காரர் அதே வீட்டில இருந்து குசினியையும் பங்குபோட்டால், கோட்டுக்குப் போகாமலே உம்மை எழுப்பலாம், சட்டமே அப்பிடி. உம்மட விசாவுக்குக் கவுன்சில் வீடும் தராது. எழுத்தில ஒப்பந்தம் கேளும். ரெண்டு மாத வாடகைக்காசைத் தொடாமல் வையும்.

2005 மார்கழி. ஈஸ்ட்ஹாமில ஆறு பேர் படுத்த அறை. வாடகை கூட்டினதை ஏனெண்டு கேட்டன், பாக் வெளியில வந்திட்டுது. பெற்றோல் செட்டில வேலை முடிய 25ஆம் நம்பர் பஸ்ஸிலதான் படுக்கை, பதினொரு இரவு. அப்ப அது ரெண்டு பெட்டி ஒட்டின நீளப் பஸ், எந்தக் கதவாலயும் ஏறலாம், இல்ஃபோர்டுக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸுக்கும் விடிய விடிய ஓடும். கடைசித் தரிப்பில இறங்கி அடுத்ததில ஏறுறது. அம்மாவுக்கு "நல்ல அறை" எண்டு போனில சொன்னன். இப்ப சொந்த வீடு, மோட்கேஜ் கிடக்குது. அறையால எழுப்பின அண்ணை கோயில் சபையில இருக்கிறார், வீடில்லாதவை சோம்பேறியளாம்.

மூண்டாம் இரவு ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தச்சுவேலை செய்தவராம், மனுசி செத்தபிறகு வாடகை கட்ட ஏலாமல் போனவர், கடைசிச் சீட்டால எழும்பி, "கீழ எஞ்சின், கால் விறைக்காது" எண்டு இடம் தந்தார். நான் வேலையால வீட்டை போறனான் எண்டு பொய் சொல்லிப்போட்டு அதில இருந்தன்.