என்ஜின் சி.சி.யைப் பார்த்துக் காருக்குச் சாலை வரி போடுவது நியாயமா?

மலேசியாவை வைத்துச் சொல்கிறேன், நான் ரோட் டெக்ஸ் கட்டுவது இங்கேதான். ஒரு காலத்தில் அது ஓரளவு நியாயமாக இருந்தது. இப்போது இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இல்லவே இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தீபகற்ப மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான சாதாரண காருக்கு 1000 சி.சி. (என்ஜின் கொள்ளளவு) வரை ஆண்டுக்கு 20 வெள்ளிதான் (வெள்ளி என்றால் ரிங்கிட்). 1401 முதல் 1600 வரை 90 வெள்ளி. அதைத் தாண்டினால் 1800 வரை அடிப்படை 200 வெள்ளி, மேலே போகும் ஒவ்வொரு சி.சி.க்கும் 40 காசு. 2000க்கு மேல் 2500 வரை 380 வெள்ளி, கூடுதல் சி.சி.க்குத் தலா ஒரு வெள்ளி. 3000ஐத் தாண்டினால் 2,130 வெள்ளியில் ஆரம்பித்து, அதற்கு மேல் சி.சி.க்கு நாலரை வெள்ளி. 1600லிருந்து 1601க்குப் போனாலே 110 வெள்ளி எகிறும். 1.6 லிட்டர் கார்கள் பல 1597, 1598 என்று அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்பது வாங்குபவருக்கு எவ்வளவு லாபம் என்று இனி யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இந்த அட்டவணைக்குப் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது: பெரிய என்ஜின் வைத்திருப்பவர் பணக்காரர். அன்றைக்கு அது பெரும்பாலும் உண்மை. அரசாங்கமும் உதவி கொடுக்க இதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தது. 2008 ஜூனில் பெட்ரோல் விலை ஒரே ராத்திரியில் 2.70 வெள்ளிக்கு ஏறியபோது, 2000 சி.சி. வரையிலான கார்களுக்கு 625 வெள்ளி ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். 2019 பட்ஜெட்டில் 1500 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு மட்டும் லிட்டருக்கு 30 காசு மானியம் என்று அறிவித்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை, அது வேறு கதை.

அந்தக் கணக்கைக் கெடுத்தது டர்போ. சின்ன சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணித்து, 1.5 லிட்டரிலேயே பழைய 2.5 லிட்டரின் இழுவையை எடுத்துவிடுகிறார்கள். விளைவு? உள்ளூர்க் காரான பெரோடுவா மைவி 1.5க்கும் 90 வெள்ளி, மெர்சிடிஸ் சி200க்கும் 90 வெள்ளி. இரண்டுமே 1.5 லிட்டர். விலையில் நாலைந்து மடங்கு வித்தியாசம், சக்தியில் இரண்டு மடங்கு.

இதைவிட மோசமான கணக்கு கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகனுடையது. கேட்டரிங் தொழில் செய்கிறான். அண்டா, அடுப்பு, ஆள் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போக வேன் மாதிரியான ஒரு பழைய நாசா ரியாவை ஆறாயிரம் வெள்ளி சொச்சத்துக்கு வாங்கினான். 2.5 லிட்டர் வி6, 2497 சி.சி. இந்த மாதிரி எம்பிவி, எஸ்யூவி வகைக்கு அட்டவணை தனி. அதன்படி 440 வெள்ளி, அதோடு 2000க்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 80 காசு. கூட்டினால் 837 வெள்ளி 60 காசு. “ஏழு வருஷம் ரோட் டெக்ஸ் கட்டினா காடி வாங்குன காசு வந்துரும், மச்சான்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.

அதே அட்டவணையில் வால்வோ எக்ஸ்சி60 டி8ஐப் போட்டுப் பாருங்கள். 1969 சி.சி. டர்போவோடு மின் மோட்டாரும் உண்டு. புதிதாக வாங்கினால் மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல். அதற்கு ஆண்டு வரி 427 வெள்ளி 60 காசு. ரியாவின் வரியில் ஏறக்குறைய பாதி.

விலை உயர்ந்த கார் வாங்குபவர் முதலிலேயே கலால் வரியைக் கொட்டிக் கொடுத்துவிடுகிறாரே என்று கேட்பார்கள். சரிதான், அது லேசான தொகை இல்லை. ஆனால் அந்த ரியாவும் புதிதாக இருந்தபோது வரி கட்டிய வண்டிதான். விலை இறங்கிக்கொண்டே வந்து நாலாவது கைக்கு மாறிய பிறகும் சாலை வரி மட்டும் ஒரு காசு இறங்கவில்லை. சி.சி.க்கு வயதாவதில்லை அல்லவா.

பெரிய என்ஜின் கார் சாலையைத் தேய்க்கிறதே என்ற வாதமும் நிற்காது. தார்ச் சாலையின் சேதம் அச்சின் மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. சாலையை உடைப்பது லாரிகள். அதோடு பார்த்தால் மைவியும் ரியாவும் ஒன்றுதான். பழைய வண்டி பெட்ரோல் குடிக்குமே, புகை கக்குமே என்றால், பெட்ரோலுக்குப் பங்க்கில் தனியாகக் காசு கட்டுகிறோம். புகையை அளக்க வேண்டுமென்றால் புகையை அளக்கட்டும்.

எதை அளந்தாலும் கம்பெனிக்காரன் அதைச் சுற்றி வழி கண்டுபிடிப்பான் என்பதும் உண்மை. பிரிட்டனில் 1920களில் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து வரி போட்டார்கள், நீளத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. உடனே ஒல்லியான, நீளமான சிலிண்டர் வைத்த என்ஜின்கள் வரிசையாக வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

மின்சாரக் காருக்கு சி.சி. கிடையாது. அதனால் இங்கே 2025 முடியும் வரை வரி விலக்கு கொடுத்துவிட்டு, அதன் பிறகு மோட்டாரின் சக்தியைக் கிலோவாட்டில் பார்த்து வரி என்று அறிவித்தார்கள். இதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மின் மோட்டாரில் சக்தி மலிவு. பிஒய்டி அட்டோ 3 என்ற மின்சாரக் காரின் மோட்டார் 150 கிலோவாட், மேலே சொன்ன மெர்சிடிஸின் என்ஜினும் அதே 150தான். ஆனால் விலையில் அட்டோ 3 பாதிக்குப் பக்கம்.

என்னைக் கேட்டால், கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதை வைத்து வரி போட்டு, வயது ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வரலாம். கலால் வரி வாங்கியவர்களிடம் அந்த விலை ஏற்கனவே இருக்கிறது. பெரோடுவா ஆக்சியா மாதிரி 1000 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு இருக்கும் அந்த 20 வெள்ளியை மட்டும் தொட வேண்டாம். இந்த அட்டவணையிலேயே உருப்படியான வரி அது ஒன்றுதான்.